ஹோத்தாவுக்கு ஒரு பாட்டுக்காரன்

மெல்பேர்ன், 1975. சனிக்கிழமைப் பின்னேரம். நாள் முழுக்க மழையில் அலைந்ததில் சப்பாத்துக்குள் தண்ணீர். தேவாலய மண்டபம் ஒன்றில், கிடைத்த கதிரையில் விழுந்து கிடக்கிறேன். கூட்டிவந்தவன் சிவம். கார்த் தொழிற்சாலையில் இந்த ஸ்பானியர்களோடு வேலை செய்பவன். விரல்களில் மரச்சிப்பிகள் கடகடக்க அவர்கள் தங்கள் ஊர் ஹோத்தா ஆடுகிறார்கள். ஆட்டமா அது, குதிப்பு! அவர்களும் வேலை முடிந்து நேரே வந்தவர்கள்தான். கித்தார் ஓய்வதாக இல்லை.

"ஏன் சிவம், இவை நிண்டு மூச்சு விடமாட்டினமோ?"

"ஆட்டத்தை இடையில நிப்பாட்ட மாட்டினம் அண்ணை. பாட்டு வந்தால்தான் மெல்ல நடந்து கால் ஆறுவினம். பாடுறவன் இண்டைக்கு ஓவர்டைம் எண்டு வரேல்லை."

எங்களைக் கடந்து ஆடிப்போகும் ஒரு பெண், மூச்சு வாங்க, என்னைக் காட்டிச் சிவத்திடம் ஏதோ கேட்கிறாள்.

"உங்களைப் பாடச் சொல்லுறா அண்ணை."

"உனக்கென்ன விசரோ? எனக்கு எங்க பாட வரும்?"

"என்ன பாட்டெண்டாலும் பரவாயில்லையாம்."

எழும்பச் சீவனில்லை. இருந்தபடியே, மகளுக்குப் பாடிய தாலாட்டை எடுக்கிறேன். குரல் கரகரக்கிறது. கித்தார்க்காரன் தலையைச் சாய்த்துக் கேட்டு, வேகத்தைக் குறைத்து என் பாட்டின் பின்னால் வருகிறான். குதிகால்கள் தரையில் இறங்குகின்றன. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறாள்.

எனக்குத் தெரிந்தது நாலே வரி. கடைசி வரியில் அவர்களுடைய கைகள் ஆட்டத்துக்கு மறுபடி மேலே உயரத் தொடங்குகின்றன.

மூச்சை இழுத்து, முதல் வரிக்கே திரும்புகிறேன்.