பத்து நிமிட நடை

துறைமுகத்தை ஒட்டிய பேருந்து நிலையத்தில், ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஒரு ஜன்னல் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ஜன்னல் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான்.

கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் பையும் கையுமாக நேரே அவளிடம்தான் வருவார்கள். மலைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும், ஸ்வெட்டர் வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அவள் சொல்லும் அழகைக் கேட்டவர்கள், மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளோ மலைமேல் கால் வைத்ததே இல்லை.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போனபோது, மூன்றாவது வளைவிலேயே டீச்சர் மடியில் வாந்தி எடுத்துவிட்டாள். ஐந்தாவது வளைவில் அவளை இறக்கி, எதிரே வந்த லாரியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் வகுப்பு முழுக்க மலைப் பேச்சுதான். கேட்டுக் கேட்டு, ஒரே வாரத்தில் அவளும் போய் வந்தவள் போலவே பேசப் பழகிவிட்டாள். பிற்பாடு வேலைக்குக் கைகொடுத்ததும் அந்தத் திறமைதான். மலை பஸ் டிரைவர் தினமும் டீ குடித்துக்கொண்டே சொல்வதை அப்படியே பிடித்துவைத்து, நாலு வார்த்தை கூட்டி வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

ஒரு திங்கட்கிழமை, வேறு நாட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி ஒருத்தி வந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"கடைசி ஸ்டாப்புல இருந்து கடல் பார்க்கிற பாறை முனைக்கு ரொம்ப நடக்கணுங்களா?"

"பத்து நிமிஷ நடைங்க. சமதளம். கண்ண மூடிட்டுப் போகலாம்."

மறுநாள் மத்தியானம் அதே பெண்மணி முட்டியில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பத்து நிமிஷம்னு சொன்னீங்க. அங்க அத்தனையும் படிங்க. பாதியிலயே உக்காந்துட்டேன். ரெண்டு பேரு கைத்தாங்கலா இறக்கிவிட்டாங்க." குரலில் கோபமே இல்லை. அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. "நீங்க கடைசியா எப்ப போனீங்க?"

போன மாதம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "நான் போனதே இல்லைங்க" என்றாள் அக்கா.

"அப்ப நேத்து சொன்னது?"

"கேள்விப்பட்டதுங்க."

மருந்துக்கடைக்காரி முட்டிக் கட்டைச் சரிசெய்துகொண்டாள். "கப்பல் சனிக்கிழமைதான். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். உங்களுக்கு என்னைக்கு லீவு?"

அன்று டீ வேளையில் டிரைவரைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. "பாதை எப்ப படியாச்சு?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "எனக்கெப்படிக்கா தெரியும்? பஸ்ஸ நிறுத்துவேன், கொஞ்சம் கண்ணசருவேன், திருப்பிட்டு வந்துருவேன். முனைக்கெல்லாம் யாரு போனா?"

"அப்ப பத்து நிமிஷம்னு சொன்னது?"

"பஸ்ல ஏறுறவங்க பேசிக்குவாங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அக்காவுக்கு. இத்தனை வருடம் எத்தனை ஆயிரம் பேரை அனுப்பியிருப்பாள்! அதில் எத்தனை முட்டிகள் நொந்தனவோ.

மலைக்குப் போகிறேன் என்றதும், படகு எஞ்சின் மெக்கானிக்கான அவள் புருஷன், "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை? கடல்ல நின்னு பார்த்தாலே மலை தெரியுதே" என்றார்.

"தெரியுது. அங்க என்ன இருக்குன்னுதான் தெரியல."

லீவு நாளான புதன்கிழமை காலை மருந்துக்கடைக்காரி கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு அவள் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அப்படியும் இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தவேண்டி வந்தது. "ஜன்னல் அக்காவுக்கே வாந்தியா?" என்று பின்னால் யாரோ வியந்தார்கள். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அக்கா வெட்கத்தோடு வாங்கிக் கொப்பளித்தாள்.

கடைசி ஸ்டாப்பில் டீக்கடை அம்மா அவள் முகத்தைப் பார்த்ததும், "கீழ இருந்தா?" என்று கேட்டாள். துறைமுகத்துக்கு அங்கே அதுதான் பெயர். கப்பல், ஆஸ்பத்திரி, சந்தை, சர்டிபிகேட் வாங்கும் ஆபீஸ் எல்லாம் சேர்ந்து ஒரே கீழே. இந்த ஊரையும் தான் 'மேலே' என்று ஒற்றை வார்த்தையில்தானே முடித்துவந்தோம் என்று அக்காவுக்கு உறைத்தது. எட்டு வருடத்துக்கு முன் மழையில் பழைய பாதை சரிந்து போனதையும், அதற்குப் பதிலாகத்தான் படி கட்டினார்கள் என்பதையும் அந்த அம்மாதான் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரி முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "பாதி நான் பார்த்தாச்சு. மீதிய நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

அக்கா தனியாக ஏறினாள். முந்நூற்று நாற்பத்தாறு படி. நின்று நின்று போனதில் முக்கால் மணி நேரம் ஆனது. முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைத் தேடினால் வெள்ளை மேகம்தான் கிடந்தது. கடல் பக்கம் திறக்கவே இல்லை. ஏமாந்துபோய்த் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கமும் மலை. அதற்கப்பால் இன்னொன்று. நடுவில் பள்ளத்தாக்கு, ஆற்றின் மினுமினுப்பு, ஓட்டுக்கூரைகளிலிருந்து எழும் புகை, கயிறு போல நெளியும் சாலை. துறைமுகத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மலை ஒரு சுவர். நாடு அதோடு முடிந்துவிட்டது என்றுதான் ஐம்பத்தொரு வயதுவரை நினைத்திருந்தாள்.

இறங்கி வந்ததும் மருந்துக்கடைக்காரி ஆவலாக, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

பார்க்காததை எல்லாம் சரளமாகச் சொன்னவளுக்குப் பார்த்ததைச் சொல்ல வாய் தடுமாறியது. "பின்னாடி... நிறைய இருக்குங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஆளுங்க இருக்காங்க" என்றாள்.

அடுத்த வாரமே ஜன்னலில் அட்டை ஒன்று தொங்கியது: 'பாறை முனை, 346 படி, முட்டி வலி உள்ளவர்கள் வேண்டாம்.' தெரியாத இடத்தைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்றே சொல்ல ஆரம்பித்தாள். நிலையப் பொறுப்பாளர் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "தெரியாதுன்னு சொல்றதுக்கா உங்கள அங்க உக்கார வச்சிருக்கு?"

"தெரிஞ்சிக்கிட்டு வர்றேன் சார். புதன்கிழமை தோறும் ஒரு ஊரு."

சொன்னபடியே போனாள். வாந்தி நிற்கவில்லை, வெட்கம்தான் நின்றது. மலைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தாக்கில் நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டாள். அங்கிருந்து துறைமுக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இப்போது அவள் ஜன்னலில் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இரண்டாம் வருடம் புருஷனையும் பாறை முனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கென்று மேகமே இல்லை. கீழே கடல் முழுசாக விரிந்து கிடந்தது. அவர் மூச்சு வாங்கக் கம்பியில் சாய்ந்து, வெகு நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அந்த நீலப் படகு இருக்கே, போன வாரம் நான் எஞ்சின் மாத்தினது."

"அது படகே இல்ல, மிதவை."

"முப்பது வருஷமா படகோட கிடக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"இங்க இருந்து பார்த்திருக்கீங்களா?"

அவர் மறுபடியும் கண்ணைச் சுருக்கினார். கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை இருவரும் அங்கேயே நின்று, அது படகா மிதவையா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.