தினைக்குருவி வந்த கொல்லை

கோவில்பட்டியில் கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் கமலாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. கணவர் சிங்காரவேலுவுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. அவர் பகலில் தூங்கும்போது ஒரு பாத்திரத்தைக்கூட உருட்ட முடியாது. புது பிளாக், பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பின்பக்கக் கொல்லையில் புல் இடுப்புயரத்துக்கு மண்டியிருந்தது.

ஐப்பசி மழை பெய்து புல் கதிர் பிடித்தபோது ஒரு காலையில் தினைக்குருவிகள் வந்து இறங்கின. தவிட்டு நிறம், மார்பில் மீன்செதில் போலப் புள்ளிகள், உடம்புக்குப் பொருந்தாத தடித்த அலகு. ஒரு புல்தாளில் இரண்டு உட்கார்ந்தால் அது தரைவரை வளையும். கமலா அடுக்களை ஜன்னலை விட்டு நகரவில்லை. மாசியில் புல் காய்ந்ததும் அவை போய்விட்டன. வீடு மறுபடி வெறிச்சென்று ஆனது. மறு ஐப்பசி நெருங்கியதும், "புல்லுல கை வச்சீங்கன்னா பாருங்க" என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குருவிகளும் வந்தன.

அந்த வருஷம்தான் மாணிக்கம்மாள் பாத்திரம் தேய்க்க வந்து சேர்ந்தாள். அவளுடைய ஊரைச் சுரங்கம் தோண்ட எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பம். இப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு குடிசை. கணவன் தனகோட்டிக்குக் கிடைத்திருந்த கான்ட்ராக்ட் மண்வேலையும் நின்றிருந்தது.

கமலா அவளையும் ஜன்னலுக்கு இழுத்துப் போய்க் காட்டினாள்.

"தெனமும் வருதாம்மா?" என்று கேட்டாள் மாணிக்கம்மாள். "எங்க ஊரு கம்பங்கொல்லையில மேகமாட்டம் எறங்கும். தகரத்தத் தட்டிகினே கெடப்போம்."

பொங்கலுக்குக் கமலாவும் கணவரும் ஊருக்குப் போய்த் திரும்பியபோது கொல்லை மிதிபட்டுக் கிடந்தது. புல்லுக்குள் இறகுகள், வலை கட்டிய மூங்கில் முளைகள். ஒரு குருவி இல்லை. அந்த வாரமே மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசிய குருவிகள் ஒரு கூண்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அலகைப் பார்த்ததுமே கமலாவுக்குத் தெரிந்துவிட்டது. பிடித்துக் கொடுத்தது யாரென்று கேட்டாள். கடைக்காரர் தனகோட்டியின் பெயரைச் சொன்னார்.

மறுநாள் மாணிக்கம்மாள் மறைக்கவில்லை.

"நான்தாம்மா வூட்டுல சொன்னேன். அடுப்பு எரியல. புள்ளைங்க சுருண்டு கெடந்துச்சுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டா குடுப்பீங்க. எத்தினி நாளைக்கிம்மா கேட்டுகினே இருக்கறது?"

கமலாவுக்குக் கோபம் அடங்கவில்லை. தான் காட்டாமலிருந்தால் அவை தப்பியிருக்கும் என்ற நினைப்பு வேறு நெஞ்சை அறுத்தது. வேலையை விட்டு நிறுத்திவிடு என்றார் சிங்காரவேலு. அவளால் முடியவில்லை. இருவரும் முகம் பார்க்காமல் ஒரே வீட்டுக்குள் நடமாடினார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை விட்ட ஒருநாள், மாணிக்கம்மாள் தேய்த்த குண்டானைக் கவிழ்த்துவிட்டுத் தலை நிமிராமலே சொன்னாள்:

"அவரு மறுபடி வலை முடிஞ்சிகினு இருக்காரும்மா."

கமலா அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். கதிர் பிடிக்கத் தொடங்கியிருந்த புல்லைக் கொத்துக்கொத்தாக அறுத்தாள். பழக்கமில்லாத கை கொப்பளித்தது. மாணிக்கம்மாள் வந்து அரிவாளை வாங்கிக்கொண்டாள். அவள் அறுக்க, கமலா வாரிக் குவித்தாள். சாயங்காலத்துக்குள் கொல்லை மொட்டையானது.

"வூட்டுல என்னா சொல்லுவே?"

மாணிக்கம்மாளின் பேச்சு தன் வாயிலும் தொற்றிக்கொண்டதைக் கமலா கவனிக்கவில்லை.

"புல்லு இல்லன்னு சொல்லுவேன்."

சில நாள் கழித்துக் குருவிகள் வந்தன. மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து கீழே பார்த்தன. இரண்டு மூன்று தரையில் இறங்கிக் கொத்திப் பார்த்தன. பிறகு எல்லாமாக எழுந்து சுரங்கத்து மண்மேடுகளின் பக்கம் பறந்தன. கமலா ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, தூங்குகிற கணவருக்கு முழிப்புத் தட்டாமல், அரிசியைக் களைந்து உலையிலிட்டாள். அன்று மாணிக்கம்மாளின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வடித்தாள்.