மேரியில் மௌனம் செல்லாது

போன வியாழக்கிழமை வில்லியனூர் மேரியில், அதுதான் நகராட்சி ஆபீசில், என் சிநேகிதி தனத்துக்குக் கல்யாணப் பதிவு. கல்யாணம் அவளுக்கு... சோறு இறங்காதது எனக்கு!

பயம் இதுதான். நகராட்சித் தலைவரான மேர் 'சம்மதமா?' என்று கேட்கும்போது பெண் வாயைத் திறந்து பிரெஞ்சில் 'வுய்' சொல்ல வேண்டும். தமிழில் 'சம்மதம்' என்றாலும் போதுமாம். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

தனமும் நானும் புதுச்சேரி மில்லில் வேலை செய்கிறோம். மில் பிட்டர் வேலுவை அவளாகவே பிடித்துக்கொண்டாள். அம்மாவும் சரி என்றுவிட்டாள். தாய்மாமன்தான் குதித்தார்.

"மேரில அவ வாயால சொல்லட்டும், உட்டுடறேன். சொல்லல... எம்மவனுக்குத்தான்!"

மில்லுக்குப் போகும் ரயிலில் தினமும் அவளுக்கு ஒத்திகை வைத்தேன்.

"வுய் சொல்லுடி."

"வுய். போதுமா? கல்யாணம் எனக்கா, உனக்காடி?"

அந்த வாயாடி, மேர் முன்னால் தலை குனிந்தாள். கால் கட்டைவிரல் தரையைக் கீறியது. பேச்சு மட்டும் வரவில்லை.

மேர் சிரித்தார். "மௌனம் சம்மதம்னு சொல்றதெல்லாம் உங்க வூட்டுல. இங்க செல்லாது. வாயத் தொறந்து சொல்லும்மா."

வாசலிலிருந்து மாமன், "அவளுக்கு இஷ்டமில்லீங்க! எழுந்து வாடி!" என்றார்.

வேலுவின் முகம் வெளுத்தது. மேர் மறுபடியும் கேட்டார். தனம் மூச்சுவிடவில்லை.

"வுய்!"

அறையே அதிர்ந்தது. சொன்னது... நான்!

மேர் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டது பொண்ணை. நீ யாரும்மா?"

மாமன்கூடச் சிரித்துவிட்டார். தனம் விருட்டென்று திரும்பினாள்.

"அடிப்பாவி! எம்மாப்பிள்ளைக்கு நீ வுய் சொல்றியா? ஐயா, நான்தான் பொண்ணு. வுய்! வுய்! வுய்!"

முடிந்தது. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

யோசித்துப் பாருங்கள். கல்யாணம் என்றால் ஜோசியரைக் கேட்கிறோம், பங்காளியைக் கேட்கிறோம், சுவரில் போகிற பல்லியைக்கூடக் கேட்கிறோம். பெண்ணைக் கேட்கிறோமா? திடீரென்று ஒருவர் கேட்டால் அவளுக்குப் பதில் எங்கிருந்து வரும்?

திங்கட்கிழமை ரயிலில் வேலுவின் கூட்டாளி எதிரே வந்து உட்கார்ந்தார். கரையாம்புத்தூர்க்காரர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். தொண்டையைச் செருமினார்.

"ஏங்க, அன்னிக்குச் சொன்ன வுய்யில மிச்சம் எதனா இருக்குதுங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

மேரியில்தானே மௌனம் செல்லாது... ரயிலில் செல்லுமில்லையா?