ஆயுத பூஜையில் அழிந்த விதிகள்

இன்று காலை கடையின் நான்கு கணினிகளிலும் இணையம் இல்லை. பன்னிரண்டு மணிக்குள் சென்னைக்கு மின்னஞ்சல் போகாவிட்டால், எனக்காக எடுத்துவைத்த தீபாவளிச் சேலைகள் வேறு கடைக்குப் போய்விடும்.

நான்கின் இணைய முகவரிகளையும் ஒரே வெளி முகவரியாக மாற்றி அனுப்புவது மூலையிலுள்ள லினக்ஸ் பெட்டி. மின்னஞ்சல் வசதியே இல்லாத அதில் மட்டும் இணையம் ஒழுங்காக வந்தது.

அதை அமைத்துத் தந்த சாந்தி மாக் மண்டின் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கைப்பேசியில் அழைத்தேன்.

"அண்ணே, நேத்து பெட்டியோட சுவிட்ச அடைச்சீங்களா?"

"ஆயுத பூஜைமா. ஓடிக்கிட்டு இருக்கறதுக்கு எப்படிப் பொட்டு வைக்கிறது?"

"முகவரி மாத்துற ரூல் எல்லாம் கையால அடிச்சதுலா! அடைச்சா போயிடும். ஃபைல்ல போட்டு வைங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எட்டு மாதமாக நிற்காமல் ஓடும் பெட்டிக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது பெட்டியின் பட்டியலில் ஒரு விதிகூட இல்லை.

அவர் சொல்லச் சொல்ல இரண்டு வரி அடித்தேன். பதினொன்றே முக்காலுக்கு மின்னஞ்சல் போனது.

விதிகளைக் கோப்பில் சேமித்துவிட்டேன். அடுத்த ஆண்டும் பெட்டிக்குப் பொட்டு உண்டு, ஓடும்போதே. நேற்று பூஜைக்கு நீங்கள் எதை அடைத்துவிட்டு இன்று திண்டாடுகிறீர்கள்?