கிரேன் ஓட்டுகிறவள் கப்பல் ஏறுவாளா?

சத்தியமாகச் சொல்கிறேன், எழுதிய கதைக்காகப் படகில் அடி வாங்கப் பார்த்தவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பேம்பூஃப்ளாட்டிலிருந்து எதிர்க்கரை சாத்தத்துக்குக் காலைப் படகில் ஆபீசுக்குப் போகிறவள் நான். போனில் ஒரு செயலியில் காதல் தொடர்கதை எழுதுகிறேன். எங்கள் நெட்டில் ஒரு அத்தியாயம் ஏறுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் படகிலேயே வாய்விட்டு வாசித்துவிடுவேன். கேட்பவர்கள் மூன்று பேர். ஜங்லிகாட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்து முஸ்லிம் அக்கா, எங்களுக்கு லாத்தா. தமிழ் தெரியாத வங்காள டீச்சர். அவருக்கு எல்லாவற்றையும் இந்தியில் இன்னொரு முறை சொல்ல வேண்டும். அப்புறம், அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

நான் படித்து வளர்ந்த நாவல்களில் கதாநாயகன் அறைவான், கட்டாயத் தாலி கட்டுவான். கதாநாயகி அழுது முடித்துவிட்டு அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். நானும் உருகி உருகித்தான் படித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? இப்போது அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள், வாசகிகள் கமெண்டிலேயே தோலை உரித்துவிடுவார்கள். என் கதாநாயகி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கதாநாயகன் சென்னைக்காரன், அவளைக் கேட்காமல் அவள் குடையைக்கூடத் தொடமாட்டான். படகில் மூன்று பேரும் அவனுக்காக உயிரையே விட்டார்கள்.

கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். வேலையை விட்டுவிட்டு அவள் அவனோடு கப்பல் ஏறுகிறாள். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இங்கே மெயின்லேண்ட் மாப்பிள்ளை என்றால் கப்பல் ஏறுவது பெண்தான். ஜாதகம் பொருந்துவதற்கு முன்பே அவளுக்குக் கப்பல் டிக்கெட் விசாரிக்கிற ஊர் இது.

வாசித்து முடித்தேன். லாத்தா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இவ போயிட்டா கிரேன யாரு ஓட்டுவா? ஒன் மாப்பிள்ளையா?”

டீச்சருக்கு இந்தியில் சொன்னேன். “அரே, க்யோன்? லட்கா நஹீ ஆ சக்தா?” என்று எகிறினார். பையன் வரக்கூடாதா என்று கேட்கிறார்! நான் துணைக்கு நர்ஸ் பெண்ணைப் பார்த்தேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

“இன்னிக்கு சாயங்காலம் அவரு போன் பண்ணுவாருக்கா. வேலைய விடுறேன்னு சொல்லியாகணும்.”

அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருநெல்வேலி, ஏசி மெக்கானிக். கல்யாணம் முடிந்ததும் அவள் அங்கே போய்விட வேண்டும் என்பது பேச்சு.

“ஆள் எப்படி?” என்றார் லாத்தா.

“தங்கமானவருதான். ஆனா வார்ட விட்டுட்டு என்னால இருக்க முடியாது லாத்தா.”

“அவரை இங்க வரச் சொல்லிக் கேட்டியா?” என்றேன்.

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். “அப்படியெல்லாம் கேக்கலாமாக்கா?”

அட, ஆமாம்! அவள் கேட்கவில்லை, அவள் வீட்டில் கேட்கவில்லை, கதை எழுதுகிற எனக்கே தோன்றவில்லை! அன்று ஆபீசில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். கதாநாயகி கிரேன் மேலிருந்தே அவனுக்குப் போன் போட்டு, “நீங்க இங்க வர்றீங்களா?” என்று கேட்டாள். எழுதும்போதே அவ்வளவு சந்தோஷம்.

மாலைப் படகில் அதை வாசித்தேன். டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஃபிர்? லட்கா க்யா போலா?” பையன் என்ன சொன்னான் என்று எனக்கே தெரியாது. அதற்குமேல் நான் எழுதவில்லை.

அப்போது நர்ஸ் பெண்ணின் போன் அடித்தது. படகு இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ஏங்க, நான் வேலைய விடல. நீங்க இங்க வந்துருங்களேன். இங்கயும் ஏசி ரிப்பேராகும்.”

லாத்தா என் மணிக்கட்டை நெரித்தார்.

“கப்பல்ல எனக்கு வாந்தி வருமே,” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அவள் சிரித்தேவிட்டாள். “வரட்டும். நான் நர்ஸுதானே, பாத்துக்கிறேன். வாங்க.”