ஷோகேஸில் ஒரு பிராசசர்

என் அண்ணன் ஃபாஜில் 2006 ஆம் ஆண்டு வளைகுடாவில் இறந்தான். தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறான். மாரடைப்பு என்று காகிதம் வந்தது. வயது முப்பத்தைந்து. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூத்தாநல்லூரில் யாரைக் கேட்டாலும், "லாரி ஓட்டப் போன ஜெய்னுலாபுதீன் மவன்" என்றுதான் சொல்வார்கள். லாரி ஓட்டியது ஆறு வருடம். அதற்கு முன் அவன் ஒரு கம்ப்யூட்டருக்காக நான்கு மாதம் வாழ்ந்தான். அது கெட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊரில் ஆண் பிள்ளைக்கு மீசை முளைத்ததும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்கள். எங்களைப் பெற்ற அத்தா முப்பது வருடம் மலேசியாவில் இருந்துவிட்டு வந்தவர். ஃபாஜில் பௌதிகம் படித்துவிட்டு, லெட்சுமாங்குடி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் ஒரு அறை பிடித்துக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அது அத்தாவுக்குத் தொழிலாகவே தோன்றவில்லை.

"கல்யாண வூட்டுல பந்திக்கு முந்துறவன் ஒருத்தன், வெளக்கத் தூக்கிட்டுத் திரியிறவன் ஒருத்தன். நீ ரெண்டாவது ஆளு" என்பார்.

"நான் ரெண்டும்தான் அத்தா. பந்தியையும் விடுறதில்ல" என்பான் ஃபாஜில்.

அவன் தொழிலில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார்கள். பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, விருந்து தின்று தீர்ப்பதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும். எடுத்த படத்தைத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய் வெட்டி ஒட்டி, பெயர் போட்டு, பாட்டுச் சேர்த்து வாங்கி வர ஒன்றரை மாதம். மாப்பிள்ளை போன பிறகு கேசட் வரும். பெண் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்ப்பாள். என் கல்யாணக் கேசட்டே அப்படி வந்ததுதான்.

"மாப்புள்ள ஏறுறதுக்கு முன்னாடி, அவரு கையில கேசட்டக் குடுக்கணும். தஞ்சாவூர் ஜில்லாவுல எவனும் குடுக்கல. நான் குடுப்பேன்" என்றான் ஃபாஜில்.

அதற்குத்தான் அந்தக் கம்ப்யூட்டர். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரப் படத்தை முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். கல்யாணப் படமோ நான்கு மணி நேரம் ஓடும். நடுவில் கரண்டு போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே போர்டில் இரண்டு பிராசசர் போட்டால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும், ஏறக்குறைய பாதி நேரத்தில் முடியும் என்று சென்னையிலிருந்து வரும் ஒரு பத்திரிகையில் படித்திருந்தான். அப்படி ஒன்றை அவனும் பார்த்ததில்லை, அவனுக்குத் தெரிந்தவர்களும் பார்த்ததில்லை.

1999 ஜூனில் நான் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது என் பழைய கல்லூரி நோட்டின் பின்பக்கங்களில் அந்தப் போர்டை வரைந்து காட்டினான். நான் கணிதம் படித்தவள் என்பதால் என்னிடம் மட்டும்தான் அதைப் பேசுவான். நீளமாக இரண்டு பள்ளங்கள். பிராசசர் என்பது அப்போது ஆடியோ கேசட்டைவிடச் சற்றுப் பெரிய கருப்புப் பெட்டியாக வரும். அதைப் பள்ளத்தில் நிற்க வைத்துச் செருக வேண்டும். விண்டோஸ் 98 போட்டால் இரண்டாவதை அது கண்டுகொள்ளாது, விண்டோஸ் என்.டி.தான் போட வேண்டும். பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதாக வாங்க வேண்டும். படத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், மற்றதற்கு ஒன்று. ஒவ்வொன்றாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். கையிருப்பு போதாதபோது புது மானிட்டரை அடித்தான். பிறகு கேபினெட்டை அடித்தான். ஆசாரியிடம் சொல்லி ஒரு தேக்குப் பலகை இழைத்து வாங்கி, போர்டை அதன் மேலேயே திருகிக்கொள்வதாக முடிவு செய்தான். இரண்டு பிராசசரை மட்டும் அவன் அடிக்கவே இல்லை.

"ரெண்டும் ஒரே வேகமா இருந்தா மட்டும் போதாது தஹ்மீ. பொட்டி மேல ஒரு நம்பர் இருக்கும். அதுவும் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி ரெண்டுக்கும் ஒத்துப்போகாம நடுவுல நின்னுபோவும்னு போட்டிருக்கான்."

சென்னை ரிட்சி தெருவில் ஒரே எண்ணில் இரண்டு கிடைக்கவில்லை. அம்மாவின் தம்பி நெய்னா மாமா சிங்கப்பூரில் இருந்தார். செப்டம்பரில் வருவதாக இருந்தார். அவருக்கு எழுதினான். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடுமுன் நான் படித்தேன். பிராசசரின் பெயரும் வேகமும் எழுதி, அதன் கீழே, "இரண்டு வேண்டும் மாமா. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எண்கூட மாறக் கூடாது" என்று கோடு போட்டிருந்தான்.

எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். மகனுக்கு ஒன்று வந்தால் மருமகனுக்கு ஒன்று வர வேண்டும். கைக்கடிகாரமோ, டேப் ரெக்கார்டரோ, போர்வையோ, இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்று ஒரு சுற்று சிறியதாக இருந்தால் சம்பந்தி வீட்டில் ஒரு வருடத்துக்குப் பேச்சாக இருக்கும். ஃபாஜில் அதே ஊரில் பிறந்தவன். கடிதத்தைப் படிப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அவனுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். பிராசசரை ஒரு சாமானாக அவன் நினைக்கவே இல்லை போலிருக்கிறது.

இதற்கிடையே அத்தா விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "நோன்புப் பெருநாள் கழிச்சு விசா வந்துடும். அதுக்குள்ள நீ சொல்ற மாதிரி ஒரு கல்யாண வூட்டுக்கு, மாப்புள்ள இருக்கும்போதே கேசட்டக் குடுத்துக் காட்டு. நீ போவ வேணாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஒரு கல்யாணம் போதுமா அத்தா?"

"ஒண்ணு போதும்."

மயிலாடுதுறையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் நவம்பரில் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாளில் விமானம். அதற்கு முன்பே கேசட்டைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அந்த வேலையைப் பிடித்தான்.

நெய்னா மாமா வந்த அன்று ஃபாஜில் ஊரில் இல்லை. போர்டு வந்துவிட்டது என்று கடைக்காரர் போன் செய்ததால் சென்னைக்குப் போயிருந்தான். சாயந்திரம் பெட்டி பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பெட்டி பிரிப்பது என்றால் உறவு முழுக்க வந்து சுற்றி உட்காரும். பொதக்குடியிலிருந்து என் மாமியாரையும் அழைத்திருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். "சிங்கப்பூர்ல தாய்மாமன் இருக்கானாம். நம்ம வூட்டுக்கு ஒரு சோப்புக் கட்டிகூட வந்த பாடில்ல" என்று என் காதில் விழும்படி எட்டு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

மாமா இரண்டு நீல அட்டைப் பெட்டிகளைத் தூக்கினார்.

"இது ஃபாஜில் கேட்டது அக்கா. பத்துப் பொட்டியப் பெரட்டிப் போட வச்சு நம்பர் பாத்து எடுத்தேன். கடைக்காரச் சீனன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். 'மாப்பிள்ளை வூட்டு விசயம், உனக்குப் புரியாதுடா'ன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா இரண்டையும் வாங்கி, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை என் மாமியாரிடம் நீட்டினாள்.

"இது மாப்பிள்ளைக்கு. மச்சானுக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கான் எம் புள்ள."

மாமியார் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னா சாமான் இது?"

"கம்ப்யூட்டரு மாமி. உள்ள இருக்குற மூளை" என்றார் நெய்னா மாமா.

மாமியார் முகம் மலர்ந்தது. அந்த எட்டு மாதத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நோட்டில் வரைந்த இரண்டு பள்ளங்கள் அப்படியே கண்ணில் நின்றன. "மாமி, அது ரெண்டும் ஒரே மிஷினுக்கு" என்றால் போதும். சொன்னால், கொடுத்ததைப் பறித்தது போலாகும். அந்தச் சிரிப்பும் போய்விடும். நான் டீ கொண்டுவர எழுந்து உள்ளே போனேன்.

மறுநாள் ஃபாஜில் மயிலாடுதுறைவரை ரயிலில் வந்து, பஸ் மாறி, போர்டை மடியில் வைத்தபடியே வீட்டுக்கு வந்திருக்கிறான். போர்டுப் பெட்டிக்குள் ஒரு வெற்று அட்டையும் இருந்தது. இரண்டாவது பள்ளம் காலியாக இருந்தால் அதைச் செருகினால்தான் போர்டு ஓடும். "நமக்கு இது தேவப்படாது" என்று அலமாரிக்கு மேலே போட்டானாம். பிறகுதான் அம்மாவிடம் பிராசசரைக் கேட்டான்.

முந்தின இரவே நான் மாமியாரோடு பொதக்குடிக்குத் திரும்பியிருந்தேன். அன்று மத்தியானமே அவன் அங்கே வந்தான். வெளிநாட்டு வேலை முடிந்து அந்த மாதம்தான் ஊர் திரும்பியிருந்த என் வீட்டுக்காரர் உட்கார வைத்தார். மாமியார் இடியாப்பமும் பாயாவும் வைத்தார். எதிரே ஷோகேஸில், அத்தர் குப்பிகளுக்கும் கண்ணாடிக் கோப்பைகளுக்கும் நடுவில், பெட்டியிலிருந்து எடுத்துக் கருப்பாக நிற்க வைத்திருந்தார்கள்.

"ஏன் மச்சான், இத டேப்புல போட்டா பாடுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பாடாது மச்சான். கணக்குப் போடும்."

"நமக்கு எதுக்கு கணக்கு? பாக்கப் பவுசா இருக்கு, இருக்கட்டும்."

"நல்ல சாமான் மச்சான். பத்திரமா வச்சுக்குங்க" என்றான் ஃபாஜில்.

சைக்கிள் வரை அவனோடு போனேன். மருமகனுக்குக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் தங்கைக்குத்தான் வினை என்று அவனுக்குத் தெரியும். நானாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, சற்று நேரம் பெல்லைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"சன்னல் வெயில் நேரா அது மேல படுது. கொஞ்சம் உள்ள தள்ளி வை" என்றான். போய்விட்டான்.

அதே எண்ணில் இன்னொன்று எங்கும் கிடைக்கவில்லை. வேறு எண்ணில் ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்தான். பத்து நிமிடம் ஓடி நின்றது, ஒவ்வொரு முறையும் அப்படியே நின்றது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலமாரிக்கு மேலிருந்து வெற்று அட்டையை எடுத்து இரண்டாவது பள்ளத்தில் செருகினான். மயிலாடுதுறைக் கல்யாணத்தை ஒற்றைப் பிராசசரில் தொடங்கினான். ஐப்பசி மழை, வெண்ணாறு கரை தொட்டு ஓடியது, வயல் எது, தெரு எது என்று தெரியவில்லை, கரண்டு நினைத்தபோது போனது. பதினான்காம் நாள் கேசட்டோடு போய் நின்றான்.

வீட்டுப் பெரியவர் வாசலிலேயே சொன்னாராம்: "மாப்பிள்ளை முந்தாநேத்து ஏறிட்டாரு. இனி யாருக்குத் தம்பி கேசட்டு?"

அத்தா வாயே திறக்கவில்லை. விசா வந்தது. ஃபாஜில் போனான்.

ஆறு வருடத்தில் மூன்று முறை வந்தான். இரண்டாம் முறை அவனுக்குக் கல்யாணம். திருவாரூர்க்காரர் ஒருவர் வீடியோ எடுத்தார். அவன் விமானம் ஏறிய மூன்றாம் நாள் கேசட் வந்தது. போனில் சொன்னபோது, "என்ட குடுத்திருந்தா முன்னாடியே முடிச்சிருப்பேன்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவன் இறந்து நாற்பது நாளுக்குப் பிறகு, அவனோடு அறையில் இருந்தவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் மனைவி அப்போது தன் தாய்வீட்டில் இருந்தாள். அடுத்த லீவுக்காக அவன் வாங்கிச் சேர்த்த சாமான்கள். இரண்டு டார்ச் லைட். இரண்டு அத்தர். இரண்டு கம்பளிப் போர்வை, இரண்டும் பழுப்பில் ஒரே பூ. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரித்து வைக்கத் தொடங்கினாள். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

"வேணாம்மா. ரெண்டும் இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"மாப்பிள்ளை வூட்டுல என்னா நெனப்பாங்க?"

"என்ன வேணா நெனச்சுக்கட்டும்."

அம்மா என்னைப் புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் பொதக்குடியில் ஷோகேஸைத் திறந்து அந்தக் கருப்புப் பெட்டியை எடுத்தேன். எங்கே கொண்டுபோகிறாய் என்று மாமியார் கேட்டார். சொன்னேன். முதல் முறையாக முழுவதும் சொன்னேன். அவர் அழுதார். உண்மையாகத்தான் அழுதார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போமே! ஒரு வார்த்த கேக்கலியே அந்தப் புள்ள."

அம்மா வீட்டு மாடியில் அந்தத் தேக்குப் பலகை வேட்டித் துணியால் மூடிக் கிடந்தது. துணியை எடுத்தேன். ஒரு பள்ளத்தில் பிராசசர், மற்றதில் வெற்று அட்டை. அட்டையை உருவ நேரமாயிற்று. இரண்டு பிராசசரின் எண்களையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கடைசி எழுத்துவரை ஒன்றாக இருந்தன. நெய்னா மாமா தவறாமல்தான் வாங்கி வந்திருக்கிறார். கையில் இருந்ததைப் பள்ளத்தில் நிறுத்தி அழுத்தினேன். கிளிக்கென்று உட்கார்ந்தது.

படியில் நின்ற அம்மா, "இப்ப ஓடுமா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

கரண்டில் மாட்டவில்லை. அம்மா கீழே போய் இரண்டு போர்வைகளையும் எடுத்து வந்தாள். ஒன்றை விரித்து அந்தப் பலகையின் மேல் போர்த்தினாள். இன்னொன்றை மடித்து என் பையில் வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். அவள் மறுபடியும் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கொண்டு வந்துவிட்டேன்.