தாள் மேய வந்த வாத்து

அறுவடையே தொடங்காத ஊருக்கு வாத்து எதற்காக வரும்? இது அப்பா கேட்ட கேள்வி. அதையொட்டி எனக்குள் எழுந்த கேள்வி வேறு. நாம் சந்தேகப்பட்டது உண்மையாகவே இருந்தாலும், நாம் சந்தேகப்பட்ட மனிதர் அதனால் குற்றவாளி ஆகிவிடுவாரா?

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே இருந்த விவசாயத் தொழிலாளர் தெருவில் வளர்ந்தவள் நான். ஆட்சி மாறியதும் மிராசுதார் வீட்டு வாசலில் புதுக்கொடி ஏறியது. கொடியேற்றிய அன்று எங்கள் தெருவுக்கும் சர்க்கரைப் பொங்கல் வந்தது. அறுவடைக் கூலி மட்டும் பழைய அளவிலேயே நின்றது. கூலி நெல்லை உயர்த்தாமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று அந்தத் தை மாதத்தில் எங்கள் தெரு சங்கம் கூடி முடிவு செய்தது. சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொண்டால், வரும் மாதங்களுக்கு எங்கள் அடுப்பில் உலை ஏறாது. அதனால் ஊருக்குள் கேட்ட ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் தெரு எழுந்து நின்றது.

அந்த நாட்களில்தான் மதகடியில் அந்த வாத்தைப் பார்த்தேன். ஆகாயத்தாமரை வேரில் கால் சிக்கி, கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தது. ஒரு சிறகின் நுனியில் காவி பூசியிருந்தது. விடுவித்தபோது என் புறங்கையைக் கொத்தியது. வரப்பில் கிடந்த நத்தையைக் கல்லால் உடைத்து நீட்டினேன். விழுங்கிவிட்டுத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தது. அடுத்த நத்தையை நான் தேடியபோது அதுவும் என் பின்னாலேயே வந்தது.

இருவரும் தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு அத்தை சிரித்தார்.

"என்னடி, சங்கத்துக்குப் புது ஆளு சேத்துக்கிட்டு வர்றியா?"

"சந்தா கேளுங்க அத்தாச்சி, முட்டையாக் குடுக்கும்" என்றார் சின்னம்மா.

அப்பா சிரிக்கவில்லை. வாத்தைத் தூக்கிச் சிறகை விரித்துப் பார்த்தார்.

"காவி அடையாளம். கூட்டத்து வாத்து. வாத்துக்காரன் தாள் மேய்க்கத்தான் வருவான். இங்க கதிரு நிக்கிறப்ப அவனுக்கு என்ன வேலை?"

கேட்டவுடனே எல்லோருக்கும் புரிந்தது. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் மணிக்கும் அறுத்தபின் நிற்கும் தாளுக்கு அடியில் ஊரும் பூச்சிக்கும்தான் வாத்துக் கூட்டம் வரும். அதற்கு முன்பே வந்திருக்கிறது என்றால், அறுவடை எப்போது என்று யாரோ சொல்லி வரவழைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாத ஒரு நாள் வாத்துக்காரருக்குத் தெரிந்திருந்தது.

"மொதல்ல அவன் காலை ஒடைக்கணும். அப்பறம் இதைக் கொழம்பு வெக்கணும்" என்று சித்தப்பா கம்பை எடுத்தார்.

"கம்போட நாலு பேரு வரப்புல நடந்தாப் போதும், கலவரம்னு போலீஸ் வேன் வந்து நிக்கும். சும்மா இரு" என்றார் அப்பா.

மறுநாள் காலை அம்மா என்னை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பின்னல் எதற்கு என்று எனக்கு உறுத்தியது.

"மிராசுதார் தோப்புப் பக்கம் வாத்துச் சத்தம் கேக்குதாம். இதை உடையவங்ககிட்ட விட்டுட்டு வா. யாரு கேட்டாலும் வழி தப்பி வந்துச்சு, குடுக்கப் போறேன்னு சொல்லு. அது பொய் இல்ல." பிறகு ரிப்பனை இறுக்கியபடி, "அங்க என்ன பேசிக்கிறாங்கன்னும் கேட்டுக்க" என்றார்.

ஒரு குழந்தையை அப்படி அனுப்பியது சரியா என்று, படித்து முடித்த பிறகு நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று நான் யோசித்தது ஒன்றுதான். வாத்தைக் கொடுத்துவிட்டால் அது குழம்பிலிருந்து தப்பிக்கும். ஆனால் எனக்கு இல்லாமல் போகும்.

வாய்க்காலில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. வாத்து நீரில் நீந்தியது. நான் கரையில் நடந்தேன். நான் நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்த்தது. மூங்கில் பாலத்தின் மேல் நான் தடுமாறியபோது, அடியில் புகுந்து மறுபக்கம் போய் எனக்காகக் கத்தியது. ஓரிடத்தில் அடம்பிடித்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் கோரைக்குள் தண்ணீர்ப் பாம்பு. அலறிக்கொண்டு பின்வாங்கியதில் இடுப்பளவு சேற்றில் விழுந்தேன். அம்மா பின்னிய பின்னலில் பாசி தொங்கியது. வாத்து நீந்தி வந்து என் தோளருகே நின்று, பாசியைக் கொத்தித் தின்னத் தொடங்கியது. பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது கரையில் சைக்கிள் மணி கேட்டது. மிராசுதாரின் வயல்களைக் கவனிக்கும் காரியஸ்தர்.

"ஏ குட்டி, சேத்துல என்ன பண்றே?"

"நத்தை பொறுக்குறேன் ஐயா."

அம்மா சொல்லிக் கொடுத்த உண்மை இருக்க, ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. மணிச் சத்தத்தில் கோரைக்குள் ஒதுங்கிவிட்ட வாத்து ஒரு சத்தமும் போடவில்லை. அவர் என்னையும் கோரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார். அது ஏன் அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது என்று அதன் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மிராசுதாரின் களத்துக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அங்கே மூங்கில் படலுக்குள் நூற்றுக்கணக்கான வாத்துகள் அடைந்திருந்தன. வாத்துக்காரரும் அவர் மனைவியும் கல் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க புடிச்சே?" என்றார் அவர், என் கையிலிருந்ததைப் பார்த்து.

"நான் புடிக்கல. வேர்ல மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு."

"வாத்து தனியா எங்கயும் போவாதே." அவருக்கு நான் திருடி.

அவர் மனைவி, அந்த அக்கா, சிரித்தார். "திருடுனவ திருப்பிக் கொண்டாந்து குடுப்பாளா? உக்காரு பாப்பா. பாவம், இதுங்களுக்கும் இங்க எரை பத்தல. வெள்ளிக்கிழமை அறுப்புன்னாங்க, லாரில ஆளு வருதாம். அதுவரைக்கும் இப்படித்தான் தப்பி ஓடும்."

வாத்துக்காரர் மனைவியை முறைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீ எந்தத் தெரு?"

நான் வாத்தை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அதுவே அவருக்குப் பதிலாயிற்று.

"நாங்க மேய்க்க வந்தவங்க, பாப்பா. உங்க ஊரு சண்டை எங்களுக்குத் தெரியாது."

ஆட்கள் வருவதை அத்தனை ரகசியமாக வைத்திருந்த காரியஸ்தர், வாத்துக்காரரிடம் தாளை மேய்ச்சலுக்குப் பேசி நாள் சொல்லிவிட்டதை ரகசியமாக நினைக்கவே இல்லை. அவர் கணக்கில் வாத்துக்காரர் ஒரு ஆளே இல்லை.

வாத்தைப் படலுக்குள் விட்டேன். கூட்டத்தில் கலந்ததும் எது என்னுடையது என்று தெரியவில்லை. எல்லாச் சிறகிலும் காவி. திரும்பி நடந்தபோது, வழியில் அதற்கென்று பொறுக்கி வைத்திருந்த நத்தையைப் பழக்கத்தில்க் கல்லில் தட்டினேன். படலின் ஓரத்துக்கு ஒன்று மட்டும் ஓடிவந்து கழுத்தை நீட்டியது.

வாத்துக்காரர் அதைக் கண்டார். படலைத் தூக்கி அதை வெளியே விட்டார்.

"இனிமே இது கூட்டத்துல நிக்காது. கொண்டு போ."

அது அன்பா, என் வாயை மூடக் கொடுத்த விலையா? வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். வாத்து வாய்க்காலில் எனக்கு இணையாக நீந்தி வந்தது. சொல்லாவிட்டால் தெருவுக்கு நெல் இல்லை. சொன்னால் வாத்துக்காரர் காலில் சித்தப்பாவின் கம்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போனேன்.

"வாத்துக்காரங்களை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுங்கப்பா. அப்பத்தான் சொல்வேன்."

"பாருடா, பேரம் பேசுது" என்றார் சித்தப்பா.

அப்பா அவரிடமிருந்து கம்பை வாங்கிக் கூரையில் செருகினார். பிறகு நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் வயலுக்குள் இறங்கிக் கதிரோடு கதிராக நின்றார்கள். லாரியில் வந்தவர்கள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் எங்களைப் போலக் கூலிக்காரர்கள்தான். மாலையில் தாசில்தார் வந்தார். பேச்சு நடந்து கூலி நெல் உயர்ந்தது. எங்கள் அரிவாள்களே அந்த வயலை அறுத்தன.

அப்பா வாக்கைக் காப்பாற்றினார். எங்கள் தெருவில் யாரும் வாத்துக்காரரைத் தொடவில்லை. ஆனால் விஷயம் எந்த வழியாகக் கசிந்தது என்று காரியஸ்தர் கண்டுகொண்டு அவர்களை விரட்டிவிட்டார். நாங்கள் அறுத்த கதிரைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் படலைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஓட்டிச் சாலையில் போனார்கள். அந்த அக்கா என் பக்கம் திரும்பவில்லை. என் வாத்து வரப்பில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது; போகவில்லை. அந்த ஆண்டு எங்கள் தாளை மேய ஒரு வாத்தும் வரவில்லை, அது ஒன்றைத் தவிர.

அவர்கள் மறுபடி வரவில்லை. அடுத்த ஆண்டு கூலிப் பேச்சில், தாள் மேய்ச்சலுக்கு வருகிறவர்களை யாரும் விரட்டக் கூடாது என்பதையும் அப்பா கேட்டு வாங்கினார். அந்த ஆண்டிலிருந்து வாத்துக்காரர்கள் எங்கள் தெருவிலும் வந்து சொல்லிவிட்டுத்தான் படல் போடுகிறார்கள்.